போட்டுக்கொள்ளாத ஊசி

மகனே,

சயானில் பஸ் ஏறினால் செம்பூரில் உன் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து இறங்கிவிடலாம். அப்படியிருக்க அப்பா எதற்குக் கடுதாசி எழுதுகிறார், மறுபடியும் படுத்துவிட்டாரோ என்று பதறாதே. உடம்பு நன்றாக இருக்கிறது. சோறு இறங்குகிறது. இரண்டாவது தடவையும் குழம்பு கேட்கிறேன், உன் அம்மா முறைக்கிறாள். கெட்டுப்போயிருப்பது உடம்பு இல்லை. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் இத்தனை நாளாகப் பார்க்கிறேன். வாயைத் திறந்தபோதெல்லாம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தேன். பம்பாயில் இந்த வருஷம் பெய்த மழையைப் பற்றி உன்னிடம் என்னளவு பேசியவன் வேறு யாரும் இருக்க மாட்டான். பேசுவதற்கு இருந்த மழையும் நின்றுவிட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எட்டாம் கிளாஸ் படித்தவனின் எழுத்து, தப்புகளைத் திருத்திப் படித்துக்கொள்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. உன் வீட்டுக்காரி செண்பகத்துக்கும் படித்துக் காட்டு. காட்கோபரில் மராட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண், தமிழ் எழுத்து அவளுக்குத் தடவித் தடவித்தான் வரும். ஆகவே நீயே உரக்கப் படி. படிக்கும்போது, பாவம் அப்பா என்று எந்த வரியையும் விழுங்கிவிடாதே. அவளுடைய அம்மா வந்திருந்தால் அவர்களும் கேட்கட்டும். உன் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் லைன் வீட்டு ஆட்கள் கேட்டாலும் சரி. ஒளிக்கிற வேலையை நான் போதுமான அளவுக்குச் செய்தாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். செண்பகம் ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். அந்தக் கெரசின் வாடை பட்டதும் அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பது மாதிரி இழுத்தாள். தணிந்த பிறகு நீ மெதுவாகத்தான் சொன்னாய்: "இந்தா பாரு, சனிக்கிழமை மறுபடியும் டிஸ்பென்சரியில அந்த ஃப்ளூ ஊசி போடுறாங்க. நெஞ்சு இப்படி இருக்கிறவங்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்தா ஆபத்துன்னு டாக்டரே சொன்னாரு. போட்டுக்கோ." அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மாமா போட்டாங்கள்லா? போட்டும்தானே படுத்தாங்க? அவங்க உடம்பே தாங்கலன்னா என் உடம்பு தாங்குமா?" என்றாள். நீ என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கப்பா" என்றாய். நான் என்ன செய்தேன்? தட்டிலிருந்த வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய வடை இருக்கிறவனிடம் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள் அல்லவா. அந்த வடை தொண்டையில் இன்னும் இருக்கிறது.

சொல்லவேண்டியது இதுதான். நான் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

உன் கம்பெனியில் வேலைக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டு ஆட்களுக்கும் சீமை ஊசி போடுகிறார்கள் என்று நீதான் என்னை அழைத்துப் போனாய். செண்பகம் அப்போது காட்கோபரில் தாய் வீட்டில் இருந்தாள். உன் அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்ததால், அது வற்றட்டும் என்றார் டாக்டர். நீ முதல் நாளே போட்டுக்கொண்டுவிட்டாய். ஆக, நம் வீட்டில் மிச்சம் நான் ஒருவன்தான். வரிசையில் என்னை நிறுத்தி, "ஸ்டோருக்குப் போயிட்டு வந்துடுறேன்பா, முடிஞ்சதும் வாசல்ல நில்லுங்க" என்று போனாய். நான் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தேன். நீ ஸ்டோர் கிளார்க் அல்லவா, ஸ்டோர் பாபுவின் தகப்பனார் என்று முன்னால் நின்றவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. நர்ஸம்மா ஒவ்வொருவரிடமும் முட்டை சாப்பிட்டால் உடம்புக்கு ஏதாவது செய்யுமா என்று இந்தியில் கேட்டுக்கொண்டே வந்தாள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த ஊசியும் ஆகாதாம். என் முறை வந்ததும், "சாப்பிடுவேன், இருக்கா?" என்றேன். வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. பிறகு அவள் என் கையில் ஸ்பிரிட்டைத் தடவினாள். சில்லென்றது. மேசையில் ஊசிகளைக் கொதிக்க வைத்த பாத்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒன்றை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் பார், வந்த தைரியம் அந்த ஆவியோடு போய்விட்டது.

தோல் கிடங்கில் மேஸ்திரியாக இருக்கிறவன் நான். மாட்டுத் தோலை விரலால் நிமிண்டிப் பார்த்தே எந்த இடத்தில் உண்ணி கடித்தது, எந்த இடத்தில் முள் கிழித்தது என்று சொல்லிவிடுவேன். என் சொந்தத் தோலில் ஒரு துளை என்றால் மட்டும் எனக்குக் கண் இருட்டுகிறது. உனக்கு நினைவிருக்காது, அம்மா சொல்லிக் கேட்டிருப்பாய். மாதுங்கா லேபர் கேம்ப் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் உனக்கு அம்மை குத்த வந்தபோது நானும் கூட வந்தேன். நீ அழவில்லை. குத்துகிறவர் உன் கையில் ஊசியை வைத்துத் திருகியதைப் பார்த்த நான்தான் டீச்சர் நாற்காலியோடு சாய்ந்தேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினார்கள். அன்று சாயங்காலம் லைன் முழுக்க நீ, "எனக்குக் குத்துனாங்க, எங்கப்பா வுழுந்தாங்க" என்று சொல்லிக்கொண்டு ஓடினாய். சின்னப்பிள்ளை, உனக்கு அது வேடிக்கை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து ஊசி என்றால் வலியைவிட, விழுந்துவிடுவேனோ என்பதுதான் பெரிய பயமாகிவிட்டது. உன் ஆபீசர்கள் நடமாடும் இடத்தில், உனக்கு வேலை கொடுத்த துரை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கும் இடத்தில், ஸ்டோர் பாபுவின் அப்பா வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து கிடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். உனக்கு வெட்கக்கேடு வரக்கூடாது என்று நான் செய்த காரியம், அதைவிடப் பெரிய வெட்கக்கேடாக முடிந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து டாக்டர் நர்ஸம்மாவைக் கூப்பிட்டார். "காக்கா, ஹில்னா நஹி" என்றாள்; பெரியவரே, ஆடாமல் அசையாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஆடினேன். மேசையிலிருந்த பஞ்சில் ஒரு துண்டை எடுத்துக் கையில் அழுத்தி, முழங்கையை மடக்கிக்கொண்டு, ஊசி போட்டுவிட்டு வெளியே போகிறவர்களோடு ஒருவனாக நடந்து வந்துவிட்டேன். எல்லோரும் அப்படித்தானே வருகிறார்கள், பஞ்சும் மடக்கின கையுமாக. வாசலில் நீ நின்றாய். "வலிச்சுதாப்பா?" என்று கேட்டாய். "அதெல்லாம் ஒண்ணுமில்லல" என்றேன். யோசித்துப் பார், அது பொய்கூட இல்லை. ஒன்றுமே இல்லைதான்.

அதோடு வாயை மூடியிருந்தாலாவது பரவாயில்லை. சாயங்காலம் லைனில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். நம் லைனில் எதுவானாலும் யாராவது ஒருத்தர் முதலில் செய்து பார்க்கவேண்டும், மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள், உனக்குத் தெரியும். புது ரேஷன் கோதுமையை முதலில் பொங்கித் தின்று பார்த்ததும் நான்தான், எலெக்ட்ரிக் விளக்குக்கு முதலில் கம்பி இழுத்ததும் நான்தான். நம் பக்கத்து அறை அருளப்பன், உன் கம்பெனியிலேயே கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறாரே, அவர் கேட்டார், "அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுங்க, எப்படி இருக்கு? நான் நாளைக்குப் போகணும்லா." நான் சட்டைக் கையைச் சுருட்டி, "கொசு கடிச்சா ஒமக்கு வலிக்குமாவே? அம்புட்டுத்தான்" என்றேன். அவர் மனைவி மேரி, "பாத்தியளா, அண்ணாச்சிக்கு இருக்கிற தைரியம் ஒமக்கு இருக்கா?" என்று அவரை இடித்தாள். எனக்கு இனித்தது. உன் அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி என் கைக்கு ஒத்தடம் கொடுத்தாள். "இங்கதான வலிக்கு?" என்று கேட்டாள். "கொஞ்சம் கீழ" என்றேன். எங்கேயுமே வலிக்காத கையில் எந்த இடத்தைக் காட்டுவது என்று யோசித்து, கொஞ்சம் கீழே என்றேன் மகனே. இதை எழுதும்போதே காது சுடுகிறது.

அருளப்பன் மறுநாள் போகவில்லை. அவருக்கு அன்றைக்கு ட்யூட்டி மாறிவிட்டது. அடுத்த முறை போகலாம் என்று இருந்தார். அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அது எப்படி அடித்தது என்று நீதான் பார்த்தாயே. எலும்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி, கம்பளிக்கு மேல் கம்பளி போட்டும் நடுக்கம். லைனே வந்து வாசலில் நின்றது. "ஊசி போட்டவருக்கே வந்துட்டு" என்று ஒருத்தி. "ஊசிதாம்ல இழுத்துட்டு வந்திருக்கு, இல்லன்னா நல்லா இருந்த மனுசனுக்கு எப்படி வரும்?" என்று இன்னொருத்தன். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒரு வார்த்தை போதும், நான் போடவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை. காய்ச்சலில் பேச முடியவில்லை என்று உன்னிடம் சொல்ல ஆசைதான். ஆனால் அதே காய்ச்சலில், கஞ்சியில் உப்பு போதவில்லை என்று மட்டும் நன்றாகப் பேசினேன்.

நீ ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாய். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். அடுத்த நாள் டிஸ்பென்சரிக்குப் போய் டாக்டரிடம், "என்ன மருந்து போடுறீங்க, எங்கப்பா படுத்த படுக்கையா கிடக்கார்" என்று சத்தம் போட்டாயாம். அவர் கோபப்படாமல், சிலருக்கு மருந்து பிடிக்காமல் போகலாம், அப்பாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாராம். நீ அதை வந்து சொன்னபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வருகிறது என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டுப் போனாய். பிறத்தியாரிடம் குரல் உயர்த்தாத பிள்ளை நீ, முதல் தடவையாக உயர்த்தியது இல்லாத ஒரு விஷயத்துக்காக. அந்த டாக்டரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ முந்திக்கொண்டு எனக்காக மன்னிப்புக் கேட்கப் போய்விடாதே.

பிறகு அருளப்பன் படுத்தார். எனக்கு வந்து போன மாதிரி அவருக்குப் போகவில்லை. நெஞ்சுச் சளியாகி, சயான் ஆஸ்பத்திரியில் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மேரி வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடந்து நடந்து கறுத்துப்போனாள். திரும்பி வந்தபோது அவருடைய காக்கிச் சட்டை ஆணியில் மாட்டின மாதிரி அவர்மேல் தொங்கியது. நான் பார்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "நல்லவேளை அண்ணாச்சி, ஒம்ம பாத்து நான் ஊசி போடாம இருந்தேன். போட்டிருந்தா அதோட நோவும் சேந்து ஆளையே கொண்டு போயிருக்கும்." எனக்கு நன்றி சொன்னார் மகனே. கண் கலங்கி நன்றி சொன்னார். நான், "எல்லாம் ஆண்டவன் செயல்" என்றேன். என் செயலை எடுத்து அவருடைய ஆண்டவன் தலையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்போதும் சொல்லாதவன் இப்போது எப்படிச் சொல்கிறான் என்று கேட்பாய். அருளப்பன் பிழைத்துவிட்டார், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நான் எனக்கே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். செண்பகம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மா ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். நான் கேட்கவில்லை. அருளப்பன் மாதிரி திடமான ஆளையே அந்தக் காய்ச்சல் அப்படி உரித்துப் போட்டது, இந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் அது நுழைந்தால் என்ன ஆகும் என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலையில் முதலில் உன் அம்மாவிடம்தான் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கத்துவாள் என்று பார்த்தேன். "அப்பம் நான் குடுத்த ஒத்தடம்?" என்று கேட்டாள்.

"இதமாத்தான் இருந்துது" என்றேன்.

"சிரிக்காதேயும். ஒம்ம பேச்சக் கேட்டு நானே சம்பந்திட்ட, ஊசியால ஒரு பிரயோசனமும் இல்லைன்னு சொல்லிருக்கேன். அந்தப் புள்ள அதான் பயந்து கெடக்கு." பிறகு எழுந்து, "மொதல்ல போயி அருளப்பண்ணன்ட்ட சொல்லிட்டு வாரும். அதுக்குப் பொறவு வந்து சாப்பிடும்" என்றாள். காபிகூடத் தரவில்லை.

போனேன். அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். மேரி உள்ளே போய்விட்டாள். அருளப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் அண்ணாச்சி, ஊருக்குச் சொல்ல வேண்டாம். என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா? நான் என்ன சிரிக்கவா போறேன்?" என்றார். அப்புறம், "சிரிச்சிருப்பேந்தான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். கதவைச் சாத்தவில்லை. ஆனால் உட்காரச் சொல்லவும் இல்லை. நான் போனால் எப்போதும் டீ தருகிற வீடு. அது மறுபடியும் எப்போது கிடைக்குமோ தெரியாது. கிடைக்காமலே போனாலும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இனி உனக்குச் சொல்ல இருப்பது. அப்பா என்ற முறையில் புத்திமதி சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் ஊசியைப் பற்றிப் புத்திமதி சொல்லும் தகுதி இந்தத் தாராவியிலேயே எனக்குத்தான் குறைவு. அது நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது. போட்டவர்களில் பெரும்பாலோர் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், நீயும் நன்றாக இருக்கிறாய், அது என் கண் பார்த்தது. ஒரு நாள் கை வலிக்கும், சிலருக்கு உடம்பு சூடு இருக்கும், காய்ச்சலே வராது என்று எழுதிக் கொடுக்க முடியாது, வந்தால் வேகம் குறையும், இது டாக்டர் சொன்னதாக நீ சொன்னது. இளைப்பு இருக்கிறவளுக்கு எப்படி, முட்டை அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா, இதையெல்லாம் அவரிடமே கேட்கட்டும், கூச்சப்படாமல் கேட்கட்டும். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இந்தக் கணக்கிலிருந்து என் உடம்பை எடுத்துவிடுங்கள். என் காய்ச்சல் அந்த மருந்துக்கு எதிராக எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. சொன்னது என் வாய்.

இன்னொன்றும் உண்டு. அப்பா சொன்னது பொய் என்று ஆகிவிட்டது, அதனால் நீ போட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று அவளை நெருக்காதே. நான் வேண்டாம் என்ற பக்கம் தள்ளிவிட்டேன், நீ வேண்டும் என்ற பக்கம் தள்ளினால் இரண்டும் தள்ளுவதுதான். அவளுடைய மூச்சு அவளுக்குத்தான் தெரியும். கோபப்பட்டால் படட்டும். "மாமா இப்படியா?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல், எனக்காக வக்காலத்து வாங்காதே. நீயும் என்மேல் கோபப்படு. நீ ஒன்றும் சொல்லாமல் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பாய் என்பதுதான் எனக்கு உள்ளதிலேயே பெரிய பயம்.

சனிக்கிழமை நான் செம்பூருக்கு வருகிறேன். காய்ச்சல் ஒரு தடவை வந்துவிட்டதே, இனி உங்களுக்கு எதற்கு என்று நீ கேட்கலாம். டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம், போடலாம் என்றால் போட்டுக்கொள்கிறேன். பயம் போகவில்லை. விழுந்தாலும் விழுவேன், உன் துரை பார்த்தால் பார்க்கட்டும். வெள்ளைச் சட்டை போட்டு வரமாட்டேன், அவ்வளவுதான் முன்னேற்பாடு. செண்பகத்தை வரச் சொல். வரிசையில் நிற்கவேண்டாம், என் பக்கத்தில் நிற்கட்டும். ஊசி உள்ளே இறங்குவதை அவள் கண்ணால் பார்க்கட்டும். என் முகம் என்ன ஆகிறது என்பதையும் பார்க்கட்டும், சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும். அதன் பிறகு அவள் போட்டுக்கொண்டால் சந்தோஷம். அதன் பிறகும் வேண்டாம் என்றால், அது அவளுடைய வேண்டாம். இதுவரைக்கும் அவள் சொன்னது என்னுடையது.

உன் அப்பா